பேஸ்பால் கார்டுகளை அடுக்க நான் வாங்கியவை: பைண்டர், ஆப், அட்டைப்பெட்டி

போன கோடையில் பக்கத்து வீட்டுத் தாத்தா வீட்டை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவுக்குக் குடிபோனார். கிளம்புவதற்கு முந்தின நாள் என் மகனைக் கூப்பிட்டு மூன்று ஷூ பெட்டிகளையும், வாழைப்பழம் வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றையும் கொடுத்தார். உள்ளே முழுக்க பேஸ்பால் கார்டுகள், அதாவது ஆட்டக்காரர்களின் படம் போட்டு பாக்கெட்டில் விற்கும் அட்டைகள். அவருடைய பிள்ளைகள் 80களிலும் 90களிலும் சேர்த்தவை, இப்போது அவர்களுக்கு வேண்டாமாம். என் மகனுக்கு 11 வயது. பிறந்தநாளுக்கு, நல்ல மார்க் வாங்கியதற்கு, பல் டாக்டரிடம் அழாமல் இருந்ததற்கு என்று வாங்கிய பாக்கெட்டுகளில் அவனிடம் ஏற்கெனவே ஒரு 600 கார்டு இருந்தது. ஒரே நாளில் 4,000 பக்கம் ஆகிவிட்டது.

நாங்கள் இருப்பது ஓஹையோவில், க்ளீவ்லாந்துக்குப் பக்கத்தில். எனக்கு பேஸ்பால் தெரியாது. ஆனால் அடுக்கத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் திருநெல்வேலியில் ஒரு கல்லூரி நூலகத்தில் ஆறு வருஷம், புத்தகங்களுக்கு எண் போட்டுப் பட்டியல் எழுதும் வேலை பார்த்தவள். "அம்மா, நீ லைப்ரரியன்தானே, இதை அடுக்கிக் கொடு" என்று மகன் வந்து நின்றபோது மறுக்க முடியவில்லை. பத்து மாதமாக இதே வேலை. அதற்காக வாங்கிய பொருள்களில் எது உதவியது, எது காசுக்குக் கேடு என்று எழுதி வைத்தால் இன்னொரு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பயன்படும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நூலக அறிவியல் படித்தவர்களை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ரங்கநாதனின் ஐந்து விதிகளை ஒப்பிப்பார்கள். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டி வளர்த்த அந்த மனிதர் 1931-இல் எழுதியவை. ஐந்தாவது விதி, நூலகம் வளரும் உயிரி என்பது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கு அது அலங்கார வார்த்தையாகத்தான் பட்டது. அலமாரி நிறைந்த பிறகு நடுவில் ஒரு புத்தகத்தைச் சொருக வேண்டி வந்த அன்றைக்குப் புரிந்தது. இந்தக் கார்டுப் பொருள்களையும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்: நாளைக்கு ஒரு கார்டு வந்தால், மற்றதைக் கலைக்காமல் அதன் இடத்தில் அதை வைக்க முடியுமா?

பைண்டரில் முடியாது.

ஆனால் எல்லாரும் முதலில் வாங்குவது அதைத்தான், நானும் அதையே வாங்கினேன். ஜிப் வைத்த, தோல் மாதிரியான உறை. உள்ளே ஒரு தாளுக்கு ஒன்பது பை. இன்றைய சாதாரண பேஸ்பால் கார்டு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம், கார்டு அச்சடிக்கும் டாப்ஸ் கம்பெனி 1957-இல் கொண்டுவந்த அளவு. எல்லாப் பைகளும் இந்தக் கணக்குக்குத்தான் வருகின்றன. மகன் டீம் வாரியாக, டீமுக்குள் அகர வரிசையில் வைத்தான். முதல் பக்கத்தில் க்ளீவ்லாந்து. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்து கடையில் 25 சென்ட் டப்பாவில் ஒரு க்ளீவ்லாந்து கார்டு கிடைத்தது. அதை அதன் இடத்தில் வைக்க, பின்னால் இருந்த 61 கார்டுகளை ஒவ்வொன்றாக உருவி அடுத்த பைக்கு நகர்த்தினோம். பைக்குள் போகும்போது ஒன்றின் மூலை மடங்கியது. அவன் அழவில்லை, ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்லை.

இன்னொரு சங்கதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் வாங்கிய பைண்டரில் வளையம் முழு வட்டம். மூடிப் படுக்க வைத்தால் தாள்கள் வளையத்தின் வளைவில் ஏறி உட்காரும். ஓரத்துப் பையில் இருக்கும் கார்டில் நிலாப்பிறை மாதிரி ஒரு பள்ளம் விழும். மூன்று கார்டில் விழுந்த பிறகுதான் பார்த்தேன். டி எழுத்து வடிவ வளையமாகப் பார்த்து வாங்குங்கள், நிமிர்த்தியே வையுங்கள். தாள் வாங்கும்போது பாலிப்ரோப்பிலீனா என்று உறையில் படியுங்கள். தாத்தாவின் பெட்டியில் பி.வி.சி. தாள்கள் கொஞ்சம் இருந்தன. புது ஷவர் திரையின் நெடி, தொட்டால் பிசுபிசுப்பு. உள்ளே இருந்த கார்டை உருவியபோது அதன் பளபளப்பில் பாதி தாளோடு போய்விட்டது.

பைண்டரைத் தூக்கிப் போட்டுவிட்டேனா என்றால் இல்லை. ஒரே ஒரு வேலைக்கு அது பொருத்தம்: இனி வளராத ஒன்றுக்கு. தாத்தா தந்ததில் பெரும்பாதி 1987 டாப்ஸ். ஓரமெல்லாம் மரப்பலகை மாதிரி பிரிண்ட் போட்ட கார்டு, நம்மூர் பழைய ரேடியோ பெட்டி ஞாபகம் வரும். அந்த வருஷத் தொகுப்பில் 792 கார்டுகள், ஒவ்வொன்றின் பின்பக்கமும் அதன் எண் இருக்கும். அப்போது டாப்ஸ் ஒரு தாளில் 132 கார்டு அச்சடிக்கும், ஆறு தாள் சேர்ந்தால் 792. அதை ஒன்பதால் வகுத்தால் மிச்சமில்லாமல் 88 தாள். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை. எண் வரிசைப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பை, இல்லாததற்குக் காலிப் பை. பெரிய ஆட்டக்காரர்களில் 320-இல் பாரி பாண்ட்ஸ், 366-இல் மார்க் மக்வயர். இன்னும் 58 பை காலி. கார்டு கிடைத்தால் போய் உட்காரும், எதுவும் நகராது.

அடுத்தது போன் ஆப். கார்டின் மேல் கேமராவைக் காட்டினால் வருஷம், பெயர், விலை எல்லாம் தானே வரும் என்றார்கள். பெயர் சொல்லவில்லை, இந்த வகையில் இரண்டு மூன்று இருக்கின்றன, நான் போட்டது அதில் ஒன்று. முதல் ஐம்பது கார்டுக்கு மந்திரம் மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு மரப்பலகை கார்டைக் காட்டினோம். 1987 என்றது. கார்டில் இருந்தவரோ 1987-இல் பிறந்துகூட இருக்கமாட்டார். விஷயம் என்னவென்றால், டாப்ஸ் தன் பழைய வடிவங்களைத் திரும்பத் திரும்ப எடுத்து அச்சடிக்கும். 1987 வடிவத்துக்கு 30 வருஷம் ஆனதென்று 2017-இலும், 35 வருஷம் ஆனதென்று 2022-இலும் அதே பலகை ஓரத்தோடு புதுக் கார்டுகள் வந்தன. முன்பக்கத்தை மட்டும் பார்க்கும் கேமரா ஏமாந்துபோகிறது. திருப்பிப் பார்த்தால் போதும், பின்னால் பொடி எழுத்தில் பதிப்புரிமை வருஷம் இருக்கிறது. நூலகத்தில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள், அட்டையைப் பார்த்துப் பட்டியல் எழுதாதே, தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார் என்று. அதே கதைதான்.

புது டாப்ஸ் கார்டுகளில் இந்தப் பின்பக்கம் இன்னும் முக்கியம். ஒரே எண், ஒரே ஆள், ஆனால் படம் மட்டும் வேறாக ஒரு மாற்றுப் பதிப்பு வரும். அது எது என்று கண்டுபிடிக்க, அடியில் உள்ள பொடி வரியின் முடிவில் ஒரு குறியீட்டு எண் போட்டிருப்பார்கள். அதன் கடைசி மூன்று இலக்கம்தான் வித்தியாசப்படும். எனக்குப் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கிறது. மகன் வெறுங்கண்ணால் படிக்கிறான், நான் எழுதிக்கொள்கிறேன்.

ஆப்பின் மேல் எனக்குள்ள பெரிய வருத்தம் அதுவும் இல்லை, விலைதான். ஒவ்வொரு கார்டுக்குக் கீழேயும் டாலரில் ஒரு தொகை காட்டுகிறது. கூட்டிப் பார்த்துவிட்டு ஒரு நாள் காலையில் வந்து, "அம்மா, நாம காலேஜுக்கு ஃபீஸே கட்ட வேண்டாம்" என்றான். அவனை உட்கார வைத்து, மிக்கி மேன்டில் என்ற பழைய நட்சத்திர ஆட்டக்காரரின் 1952 டாப்ஸ் கார்டுக் கதையைச் சொன்னேன். 311-ஆம் எண் கார்டு. அதில் ஒன்று 2022-இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. காரணம், அந்தக் காலத்தில் அதை யாரும் பொருட்டாக நினைக்கவில்லை. விற்காமல் தேங்கிய பெட்டிகளைக் கம்பெனிக்காரர்களே 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டினார்கள். 80களின் கார்டு கதை இதற்கு நேர்மாறு. கோடிக்கணக்கில் அச்சடித்தார்கள், எல்லாரும் நாளைக்கு விலை ஏறும் என்று பத்திரப்படுத்தினார்கள், அதனாலேயே ஏறவில்லை. தாத்தாவின் பிள்ளைகளும் காலேஜ் ஃபீஸ் கனவில்தான் சேர்த்திருப்பார்கள். நான் சொன்னதை மகன் கேட்டுக்கொண்டான், நம்பினானா என்று தெரியவில்லை. பட்டியலை வெளியே எடுக்க மாதச் சந்தா கட்டு என்று ஆப் கேட்ட நாளில் அதை அழித்துவிட்டேன். நம் பட்டியலை நமக்கே காசுக்குக் கொடுப்பதாவது!

சரி, அட்டைப்பெட்டிக்கு வருகிறேன். வெள்ளை நிறம், தட்டையாக மடித்து விற்பார்கள், வீட்டில் மடித்துக் கோத்துக்கொள்ள வேண்டும். 800 கார்டுப் பெட்டி என்று கேட்டால் எந்தக் கார்டுக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். நான் வாங்கியபோது ஒன்று மூன்று டாலருக்குள். 3,200, 5,000 என்று பெரியவையும் உண்டு. 5,000 பெட்டியை ஆசைப்பட்டு வாங்கி, நிரப்பி, பேஸ்மென்ட் படியில் தூக்கிக்கொண்டு இறங்கிய என் கணவர் இரண்டு நாள் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். 800-தான் ஒரு கையில் அடங்கும். கார்டுக்கு பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய உறை போட்டால் 800 கொள்ளாது, நிறையக் குறையும். அதைக் கணக்கில் வைத்து வாங்குங்கள்.

இந்தப் பெட்டியின் மகத்துவம் நமக்குப் புதிதில்லை. நூலகத்தில் பட்டியல் அட்டைகள் அடுக்கிய நீள இழுப்பறை ஞாபகமிருக்கிறதா? அதேதான். நிமிர்ந்து நிற்கும் அட்டைகள், நடுவில் தலை நீட்டும் தடுப்பு, விரலால் தள்ளித் தள்ளித் தேடி, இரண்டுக்கு நடுவில் சொருகிவிடலாம். ஒன்றும் கலையாது. பெட்டி நிறைந்தால் பாதியைப் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றினால் முடிந்தது. எந்தப் பெட்டியையும் முக்கால்வாசிக்கு மேல் நிரப்புவதில்லை என்று ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். காலி இடத்தில் கார்டு சாய்ந்து வளையாமல் இருக்க, ஒரு துண்டு ஃபோமைப் பின்னால் நெருக்கி வைத்தால் போதும். தடுப்புகளை பிளாஸ்டிக்கில் விற்கிறார்கள். முதல் பெட்டிக்கு மட்டும் வாங்கினேன், மீதிக்கெல்லாம் கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவை வெட்டினேன்.

அடுக்குவதற்கு முன்னால் சுத்தம் செய்வது தனி வேலை. தாத்தாவின் பிள்ளைகள் கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்கள். முப்பது சொச்சம் வருஷத்தில் ரப்பர் காய்ந்து, முறுக்கு மாதிரி நொறுங்கியது. சில இடத்தில் உருகி மேல் கார்டின் முகத்தில் கறுப்புக் கோடாக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு கட்டிலும் முதல், கடைசிக் கார்டுகளின் ஓரத்தில் ரப்பர் கடித்த தடம். நடுவில் இருந்தவை தப்பித்தன. 90களின் வழவழப்பான கார்டுகள் வேறு விதம். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல் மாதிரி ஒரே கட்டியாகியிருந்தன. ஓரத்தைப் பிடித்து மெதுவாக, மிக மெதுவாக முன்னும் பின்னும் வளைத்தால் டிக் என்று ஒரு சின்னச் சத்தத்தோடு விடும். அவசரப்பட்டால் ஒன்றின் முகம் மற்றதன் முதுகில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக ஒட்டிக்கொண்டு வரும். ஒரு கட்டியைப் பிரிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. பேஸ்மென்டில் ஈரம் உறிஞ்சும் மெஷின் இல்லாதவர்கள் பெட்டியை மாடியில் படுக்கையறைக்குக் கொண்டுபோங்கள்.

எண் வரிசையாக்குவதை மகனே கற்றுக்கொண்டான். கார்பெட்டில் முதலில் நூறு நூறாகக் குவியல், பிறகு ஒவ்வொன்றையும் பத்துப் பத்தாக, கடைசியில் கைக்குள்ளேயே விசிறி மாதிரி விரித்து ஒன்று இரண்டு மூன்று. டிவியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு வேலை செய்யும். ஒரு ஆட்டம் முடிவதற்குள் 700 கார்டு.

எந்த வரிசை என்பதில்தான் எங்களுக்குள் சண்டை. அவனுக்கு டீம் வாரியாக வேண்டும். நான் வருஷம், கம்பெனி, எண் என்றேன். "டீம் மாறும்டா கண்ணா, கார்டு நம்பர் மாறாது" என்றேன். க்ளீவ்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 வரைக்கும் இந்தியன்ஸ், 2022-இலிருந்து கார்டியன்ஸ். "ரெண்டும் ஒரே டீம்தானேம்மா?" ஒன்றுதான், ஆனால் கார்டில் அச்சானதைத்தான் எழுதவேண்டும், இன்னொன்றுக்கு 'அதையும் காண்க' என்று ஒரு குறிப்புப் போடவேண்டும். ஆள் பெயரிலும் இதே வம்பு. 1995-இல் ஒரே பருவத்தில் 50 ஹோம் ரன், 50 டபுள் என்று இரண்டு வகைப் பெரிய அடியும் அடித்த முதல் ஆள் என்று இந்த ஊர் கொண்டாடும் ஆல்பர்ட் பெல், 1990 கார்டுகளில் ஜோயி பெல். அகர வரிசையில் வைத்தால் ஒரே மனிதர் இரண்டு இடத்தில் இருப்பார். ஃபிராங்க் தாமஸ் விஷயத்தில் தலைகீழ்: 1962-இல் நியூயார்க் மெட்ஸுக்கு ஆடியவர் ஒருவர், 1990-இல் சிகாகோவுக்கு வந்தவர் வேறொருவர். போதாததற்கு, 1990 டாப்ஸில் இரண்டாமவரின் 414-ஆம் கார்டு சிலவற்றில் முன்பக்கம் பெயரே அச்சாகவில்லை. பெயர் வாரியாக அடுக்குபவர் அதை எங்கே வைப்பார்? எண் வாரியாக அடுக்குபவர் 413-க்குப் பின்னால் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்.

கடைசியில் ஒப்புக்கொண்டான். பெட்டியில் ஒரே வரிசை, ஆனால் தேடுவதற்கு எத்தனை வழி வேண்டுமானாலும் இருக்கட்டும், அதற்குத்தான் பட்டியல். பட்டியலுக்கு இப்போது இரண்டு இடம். ஒன்று என் கணினியில் ஒரு சாதாரண விரிதாள்: வருஷம், கம்பெனி, எண், பெயர், டீம், எந்தப் பெட்டி, எத்தனை பிரதி. மகன் டீம் பத்தியைச் சொடுக்கினால் அவனுடைய க்ளீவ்லாந்து மொத்தமும் வந்து நிற்கிறது. இன்னொன்று, ட்ரேடிங் கார்ட் டேட்டாபேஸ் என்ற இணையதளம். நான் பத்து மாதத்தில் பயன்படுத்தியவற்றில் மனதாரப் பரிந்துரைப்பது இதைத்தான். இலவசக் கணக்கு போதும். வருஷத்தைச் சொடுக்கி, தொகுப்பைச் சொடுக்கினால் முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை முழுப் பட்டியல். நம்மிடம் இருப்பதற்கு டிக் அடித்துக்கொண்டே போகலாம். மீதி என்னென்ன என்று தானே தெரியும். பட்டியலும் படங்களும் சேகரிப்பவர்களே ஏற்றியவை, பிழை இருந்தால் அவர்களே திருத்துகிறார்கள். கேமரா ஜாலம் இல்லாமல் நாமே பார்த்து டிக் அடிப்பதால்தான் தப்பு குறைகிறது என்பது என் அபிப்பிராயம். முதலில் எண் வரிசையாக்கிவிட்டு உட்காருங்கள், ஒரு சாயங்காலத்தில் 400 கார்டு ஏற்றலாம்.

இப்படிப் பட்டியலுக்காகவே வாழ்ந்த ஒருவர் உண்டு, ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலம் சிரக்யூஸில் தொழிற்சாலை வேலை, கடுமையான மூட்டுவாதம். மூன்று லட்சத்துக்கும் மேல் கார்டுகள் சேர்த்து, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதில் பேஸ்பால் மட்டும் 30,000-க்கு மேல். சிகரெட்டோடு வந்தது, மிட்டாயோடு வந்தது என்று பிரித்து ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொடுத்தது அவர்தான். கோடி ரூபாய்க்குப் போகும் கார்டும் இருக்கிற ஒரு பழைய சிகரெட் கார்டுத் தொகுப்பை இன்றும் டி206 என்று சொல்கிறார்களே, அது அவர் வைத்த எண். அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காக ஆல்பத்தில் ஒட்டி, 1963 ஜனவரியில் முடித்தார். இரண்டு மாதத்தில் இறந்துபோனார். ஆமாம், ஒட்டினார், பசையால்! மகனிடம் சொன்னபோது நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

சில்லறைச் சாமான்கள்: பென்னி ஸ்லீவ் எல்லாக் கார்டுக்கும் வேண்டாம், பிடித்த கார்டுக்கும் புதுக் கார்டுக்கும் போதும். டாப்லோடர் என்ற கெட்டியான உறைக்குள் வெறும் கார்டை விடாதீர்கள், முதலில் பென்னி ஸ்லீவ் போட்டுப் பிறகு விடுங்கள். தபாலில் அனுப்பும்போது டாப்லோடர் வாயில் நீல நிற பெயின்ட்டர் டேப்தான் ஒட்டவேண்டும், செல்லோ டேப் பசை விட்டுப் போகும். காந்தம் வைத்த கண்ணாடி மாதிரிப் பெட்டி ஒன்று இவன் அப்பா வாங்கிக் கொடுத்தார். அதில் பத்து சென்ட் கூடப் போகாத ஒரு கார்டு மேஜையில் அரசரைப்போல் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது கணக்கு: ஏழு பெட்டி, ஒரு பைண்டர், 4,212 கார்டு பட்டியலில் ஏறியாயிற்று. 1987-இல் மட்டும் ஒரே ஆளின் பிரதி 14 இருக்கிறது, வேண்டுகிறவர்களுக்கு மகன் கொடுக்கத் தயார், பதிலுக்கு அந்த 58-இல் ஒன்று வேண்டுமாம். ஏழாவது பெட்டியின் கடைசித் தடுப்பில் 'தெரியாதவை' என்று எழுதியிருக்கிறான். என்னுடைய பழைய நூலகத்திலும் மேஜை ஓரத்தில் அப்படி ஓர் அடுக்கு உண்டு. அதில் நேற்று 43 கார்டு இருந்தது. இன்று காலையில் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷூ போட்டுக்கொண்டே ஒன்றைத் திருப்பிப் பார்த்து, "அம்மா, 42" என்று கத்திவிட்டு ஓடினான்.